கத்தியா, கரண்டா?

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): என் அம்மாவுக்கு 57 வயது. சின்ன வயதிலிருந்தே பீடி சுற்றுகிறார். வெற்றிலை பாக்கோடு புகையிலையும் போடுவார். இடது கன்னத்தின் உள்ளே, கீழ் ஈறை ஒட்டி ஒரு புண் நாலு மாதமாக ஆறவில்லை. பல் டாக்டர் சதை எடுத்து அனுப்பினார். புற்றுநோய் என்று வந்துவிட்டது. வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்துவிட்டு, தாடை எலும்பில் ஒரு பகுதியையும் கழுத்திலுள்ள நெறிக்கட்டிகளையும் (நிணநீர் முடிச்சுகளையும்) எடுக்க வேண்டும், பிறகு கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க வேண்டும் என்கிறார்கள். சீட்டில் நாலாம் கட்டம் என்று எழுதியிருக்கிறது. "கத்தி பட்டா பரவிடும்" என்கிறார் பெரியப்பா. எதிர்வீட்டுக்காரருக்குக் கரண்ட் மட்டும் வைத்தே சரியாகிவிட்டது. நாங்களும் அப்படிச் செய்யக் கூடாதா? கழுத்தில் கட்டி இல்லை என்று ஸ்கேனிலேயே இருக்கும்போது கழுத்தை ஏன் அறுக்க வேண்டும்? அம்மாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. சொல்லலாமா? ரிப்போர்ட் நகல்கள் இணைத்திருக்கிறேன்.
— வாசகி, குடியாத்தம்

பதில் தருபவர்: தலை, கழுத்துப் புற்றுநோய் அறுவை மருத்துவர், வேலூர்

அன்புச் சகோதரிக்கு,

நேராகவே சொல்லிவிடுகிறேன். நகல்களைப் படித்தேன். அம்மாவை நேரில் பார்த்த டாக்டர்கள் சொன்னதுதான் சரி: முதலில் ஆபரேஷன், காயம் ஆறியதும் கரண்ட். இதுவா அதுவா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இந்த நோய் இல்லை. இரண்டும் வேண்டும், இந்த வரிசையிலேயே வேண்டும், பாதியில் நிற்காமல் முடிக்க வேண்டும். வாய்ப்புற்றில் முதல் வைத்தியமே முழு வைத்தியமாக அமைந்தால்தான் பலன். கொஞ்ச நாள் மருந்து, கொஞ்ச நாள் கரண்ட், பிறகு வேறு வழியில்லாமல் ஆபரேஷன் என்று வருகிறவர்களுக்கும் நாங்கள் செய்கிறோம். ஆனால் அதே கத்தி அவர்களுக்கு அதே பலனைத் தருவதில்லை.

நாலாம் கட்டம் என்று படித்த அன்றைக்கு உங்கள் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. மற்ற பல புற்றுநோய்களில் நாலாம் கட்டம் என்றால் உடம்பெல்லாம் பரவிவிட்டது என்று பொருள். வாயில் கணக்கு வேறு. இங்கே நாலாம் கட்டத்துக்குள்ளேயே ஏ, பி, சி என்று மூன்று பிரிவு இருக்கிறது. பக்கத்து எலும்பைத் துளைத்தாலோ, கன்னத்தின் வெளித்தோல் வரை வந்துவிட்டாலோ அதற்கு நாலு-ஏ என்று பெயர். வேறெங்கும் போகாவிட்டாலும் இந்தப் பெயர்தான். நுரையீரல் போன்ற தூரத்து உறுப்புக்குப் போனால்தான் நாலு-சி. உங்கள் அம்மாவின் சீட்டில் இருப்பது நாலு-ஏ. புண்ணின் அளவு மூன்றரை சென்டிமீட்டர், கீழ்த்தாடை எலும்பின் மேல்பகுதி அரித்திருக்கிறது, மார்பு ஸ்கேனில் நுரையீரல் சுத்தமாக இருக்கிறது. எடுத்துவிடக்கூடிய இடத்தில், எடுத்துவிடக்கூடிய அளவில் இருக்கிறது என்பதே இதன் சாரம்.

பொய் நம்பிக்கையும் தர மாட்டேன். வாய்ப்புற்றைச் சிறியதாக இருக்கும்போதே பிடித்தால் 10 பேரில் 7, 8 பேர் 5 ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். நாலு-ஏ-வில் அது பாதியாகவோ, அதற்கும் கீழாகவோ இறங்குகிறது. கழுத்து நெறிக்கட்டியில் நோய் இல்லாதவர்களுக்கு நிலைமை மேல். அந்த வகையில் அம்மாவின் ஸ்கேன் நல்ல செய்திதான் சொல்கிறது.

நாலு மாதம் சும்மா இருந்துவிட்டோமே என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் வருகிறார்கள். வேலூர் வெயிலுக்கு வாய்ப்புண் வராதா என்று மணத்தக்காளிக் கீரை, மெடிக்கல் ஷாப்பில் பி-காம்ப்ளக்ஸ் மாத்திரை, கூர்மையான பல் குத்துகிறது என்று ஒரு பல்லைப் பிடுங்குவது, இப்படியே வாரங்கள் ஓடும். ஆரம்பத்தில் இந்தப் புண் வலிக்காது. வலிக்காததால் பயமும் வராது. சூட்டுப் புண் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். மூன்று வாரம் தாண்டியும் ஆறாத எந்தப் புண்ணையும் சதை எடுத்துப் பார்த்துவிட வேண்டும். உங்கள் பல் டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பாமல் அதைச் செய்தார். அவருக்கு ஒரு நன்றி சொல்லுங்கள்.

புண் ஏன் சரியாக அந்த இடத்தில் வந்தது என்பதற்கும் விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பீடி சுற்றுகிறவர்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, அதிலிருக்கும் தூளில் ஒரு சிட்டிகையை எடுத்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்வதைக் குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்கம் திண்ணைக்குத் திண்ணை பார்க்கலாம். கை வேலையாக இருக்கும். வாய் சும்மா இருக்காது. எந்தப் பக்கம் அடக்குவீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் புண் இருக்கும் பக்கத்தையே காட்டுவார்கள். மேலை நாடுகளில் வாய்ப்புற்று என்றால் நாக்கில்தான் அதிகம். நம் நாட்டில் கன்னமும் கீழ் ஈறும் சேருகிற பள்ளத்தில் அதிகம். புகையிலையும் பாக்கும் சுண்ணாம்பும் ஊறிக் கிடக்கிற இடம் அதுதான்.

இனி எதிர்வீட்டுக்காரர். அவருக்கு எந்த இடத்தில் புற்று என்று கேட்டுப் பாருங்கள். குரல் கம்மியதால் டாக்டரிடம் போனேன் என்பார் என்று நினைக்கிறேன். குரல்வளைப் புற்றுக்கு, குறிப்பாக ஆரம்பத்தில், கரண்ட் மட்டும் வைத்தே நல்ல பலன் கிடைக்கும், குரலையும் காப்பாற்றலாம். அதை ஆபரேஷன் செய்யாதது அவருடைய டாக்டர் செய்த நல்ல முடிவு. கன்னத்திலிருந்து எலும்புக்குள் இறங்கிய புற்று வேறு ஜாதி. எலும்புக்குள் புகுந்த நோயைக் கரண்ட் மட்டும் வைத்து அழிப்பது கடினம். அதற்குத் தேவையான அதிக அளவைக் கொடுத்தால் தாடை எலும்பே ரத்த ஓட்டம் இழந்து இற்றுப்போகலாம். அதற்கும் பிறகு மிச்ச நோய்க்கு ஆபரேஷன் என்று வந்தால், கரண்ட் பட்ட சதையில் தையல் பிடிக்காது, காயம் ஆறாது, எது நோய் எது தழும்பு என்று எங்கள் விரலுக்கே பிடிபடாது. அதனால்தான் ஆபரேஷனை முதலில் வைக்கிறோம்.

கத்தி பட்டால் பரவும் என்ற பேச்சு எப்படி வந்தது என்று எனக்குப் புரிகிறது. ஒரு காலத்தில் முற்றிப்போன பிறகே ஆபரேஷனுக்கு வந்தார்கள். செய்தாலும் சில மாதத்தில் திரும்ப வந்தது. பழி கத்தியின் மேல் விழுந்தது. சதை எடுத்துப் பார்ப்பதாலோ, முறையாகச் செய்யும் ஆபரேஷனாலோ வாய்ப்புற்று பரவாது. ஆனால் உங்கள் பெரியப்பா சொல்வதில் ஒரு துளி உண்மையையும் மறைக்க மாட்டேன்: அரைகுறையாக எடுப்பது ஆபத்து. "சின்னதா மேலாக்க எடுத்துடலாம், ஒரே நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்" என்று யாராவது சொன்னால் பயப்படுங்கள். புண்ணைச் சுற்றிக் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற சதையையும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சேர்த்து எடுக்க வேண்டும். எடுத்த துண்டின் விளிம்பில் நோய் இல்லை என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்ல வேண்டும். விளிம்பு சுத்தமாக இருக்கிறதா என்பதே அந்த ரிப்போர்ட்டில் நான் முதலில் தேடும் வரி. நீங்களும் அதைக் கேளுங்கள்.

நாட்டு மருந்து பற்றி நேரடியாக நீங்கள் கேட்கவில்லை. ஆனால் யாரோ ஒரு விலாசம் கொடுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். புண்ணை அரித்து எடுக்கும் பற்று எதையும் கன்னத்தில் வைக்க விடாதீர்கள். மேலே புண் சிறுத்ததுபோல் தெரியும், அடியில் அது வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு மாதம் கழித்து வாய் திறக்க முடியாமல் வருவார்கள். நோய் மெல்லும் தசைகளுக்குள் ஏறிவிட்டது என்று அர்த்தம். இன்றைக்கு எடுக்க முடிகிற நோய் அன்றைக்கு எடுக்க முடியாததாகிவிடும். வேறு டாக்டர் ஒருவரிடமும் கருத்துக் கேட்க விரும்பினால் தாராளமாகக் கேளுங்கள். அதில் எந்த டாக்டருக்கும் கோபம் வரக் கூடாது. அடையாறு, காஞ்சிபுரம் காரப்பேட்டையிலுள்ள அரசு அண்ணா புற்றுநோய் ஆஸ்பத்திரி, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி என்று எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஒரு வாரத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் படத்தையும், பயாப்ஸி செய்த சிலைடையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டியிருக்காது.

கழுத்தைப் பற்றிய கேள்வி மிக நல்ல கேள்வி. எங்களுக்குள்ளேயே பல ஆண்டுகள் வாக்குவாதம் நடந்த விஷயம் அது. வாயிலிருந்து புற்று கிளம்பினால் முதலில் போய் உட்காருவது கழுத்து நெறிக்கட்டிகளில். அங்கே அது ஒரு கடுகளவு இருந்தால் ஸ்கேனுக்கும் தெரியாது, கைக்கும் தட்டுப்படாது. கட்டி தெரியும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கலாமா, இல்லை வாயோடு சேர்த்துக் கழுத்தையும் சுத்தம் செய்துவிடலாமா? மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் இதை ஆராய்ச்சியாகவே செய்து பார்த்தார்கள். கழுத்தில் எதுவும் தெரியாத, வாயில் சிறிய புற்று உள்ளவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 2015-ல் முடிவு வெளியானது. முதலிலேயே கழுத்தையும் எடுத்தவர்களில் 3 ஆண்டு கழித்து 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். காத்திருந்து பார்த்தவர்களில் 67.5 சதவீதம். ஸ்கேனில் சுத்தம் என்று சொல்லப்பட்டு எடுத்த கழுத்துகளில் கிட்டத்தட்ட 10-க்கு 3-ல் நோய் ஒளிந்திருந்தது. சிறிய புற்றுக்கே இந்தக் கணக்கு என்றால், எலும்பைத் தொட்ட புற்றுக்குக் கேட்கவே வேண்டாம். இன்று உலகம் முழுக்க இந்த ஆராய்ச்சியைக் காட்டித்தான் வைத்தியம் செய்கிறார்கள். நம் நாட்டு நோயாளிகள் கொடுத்த பதில் அது.

கழுத்தில் வெட்டு தோல் மடிப்பை ஒட்டிப் போகும். ஒரு வருடத்தில் மெல்லிய கோடாகிவிடும். தோளைத் தூக்குகிற நரம்பு அந்த வழியாகத்தான் போகிறது. அதைக் காப்பாற்றினாலும் சில மாதம் கையைத் தலைக்கு மேல் தூக்கச் சிரமம் இருக்கும், பிசியோதெரபி வேண்டும். கீழ் உதட்டின் இடது பக்கம் மரத்துப்போகும். சிரிக்கும்போது உதடு கொஞ்சம் கோணலாம். இதையெல்லாம் சம்மதக் கையெழுத்து வாங்கும்போது வேகமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் நிறுத்திக் கேளுங்கள்.

ஆபரேஷன் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு போனால் பாதி பயம் குறையும். நோயுள்ள கன்னச் சதை, அதை ஒட்டிய தாடை எலும்பின் துண்டு, இடது கழுத்தின் நெறிக்கட்டிகள் மூன்றையும் ஒன்றாக எடுப்பார்கள். எலும்பு போன இடத்தை வெறுமனே விட்டால் முகம் ஒரு பக்கம் ஒடுங்கிவிடும். அதனால் காலில் முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் இருக்கிற மெல்லிய எலும்பை, தோலோடும் ரத்தக் குழாயோடும் சேர்த்து எடுத்து, தாடையின் வளைவுக்கு வெட்டிப் பொருத்தி, கழுத்திலுள்ள ரத்தக் குழாயில் மைக்ராஸ்கோப் வைத்துத் தைப்பார்கள். உடம்பின் எடையை முக்கியமாகத் தாங்குவது பக்கத்திலிருக்கும் பெரிய எலும்பு என்பதால் அம்மா பிறகு நடப்பார், மாடிப்படி ஏறுவார். சர்க்கரையாலோ புகையாலோ கால் ரத்தக் குழாய்கள் கெட்டிருந்தால் இதற்குப் பதிலாக மார்புத் தசையைத் திருப்பி வைத்து மூடுவார்கள். அதுவும் நல்ல வழிதான். எலும்பு இருக்காது, முகத்தின் அமைப்பு கொஞ்சம் குறையும், அவ்வளவே. காலையில் உள்ளே போனால் வெளியே வர 8, 10 மணி நேரம் ஆகும். இத்தனை நேரமாகிறதே, ஏதோ விபரீதம் என்று வராந்தாவில் உட்கார்ந்து அழ வேண்டாம்.

முதல் இரண்டு நாள் அம்மாவைப் பார்த்தால் பதறிவிடுவீர்கள். முகம் வீங்கியிருக்கும். மூச்சுக்காகத் தொண்டையில் ஒரு குழாய், சாப்பாட்டுக்கு மூக்கில் ஒரு குழாய், கழுத்தில் ரத்தநீர் வடிய ஒன்றிரண்டு குழாய்கள். தொண்டைக் குழாய் தற்காலிகம். வீக்கம் வடிந்ததும் எடுத்துவிடுவார்கள், துளை தானாக மூடிக்கொள்ளும். இரவு முழுக்க மணிக்கொரு தரம் நர்ஸ் வந்து டார்ச் அடித்து வாய்க்குள் பார்ப்பார், விரலால் லேசாக அழுத்துவார். ஒட்டுப்போட்ட சதையின் நிறம் வெளுக்கிறதா, நீலம் பாய்கிறதா என்று பார்க்கிறார். ரத்த ஓட்டம் நின்றதாகச் சந்தேகம் வந்தால் அந்த ராத்திரியே மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோவார்கள். அப்படி நடந்தால் கைமீறிவிட்டது என்று நினைக்காதீர்கள். சீக்கிரம் போனால் ஒட்டைக் காப்பாற்றிவிடலாம்.

அந்த நாட்களில் அம்மாவால் பேச முடியாது. எழுதத் தெரிந்தவர் என்றால் ஒரு சிலேட்டு வாங்கி வையுங்கள். தெரியாதவர் என்றால் தண்ணீர், வலி, ஒருக்களிக்க வேண்டும், பாத்ரூம், சளி எடுக்க வேண்டும் என்று ஐந்தாறு படங்களைச் செல்போனில் சேர்த்து, முன்கூட்டியே வீட்டில் காட்டிப் பழக்குங்கள். நர்ஸ்களுக்கும் இது பெரிய உதவி.

மூக்குக் குழாயில் சாதாரணமாக ஒரு வாரம், பத்து நாள் சாப்பாடு போகும். வடிகட்டிய கேழ்வரகுக் கஞ்சி, பருப்புத் தண்ணீர், பால், அவித்து மிக்ஸியில் அடித்த முட்டை எல்லாம் போகலாம். அளவையும் நேரத்தையும் டயட்டீஷியன் எழுதிக் கொடுப்பார். இப்போதிருந்தே, ஆபரேஷன் தேதி வரும்வரை, அம்மாவை நன்றாகச் சாப்பிட வையுங்கள். புண் வந்து நாலு மாதத்தில் உடம்பு வற்றியிருக்கும். வற்றிய உடம்பில் தையல் ஆறாது. சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் வர வேண்டும். புகையிலை இன்றோடு நிற்க வேண்டும். "வந்ததுதான் வந்துடுச்சே, இனிமே விட்டு இன்னா ஆவப் போவுது" என்று சொல்வார். ஆபரேஷன் முடிந்தும் போடுகிறவர்களுக்குக் காயம் ஆறுவது தாமதமாகும், இன்னொரு புற்று வருவதும் அதிகம் என்று சொல்லுங்கள்.

எடுத்த சதையின் முழு ரிப்போர்ட் வந்ததும் எல்லாத் துறை டாக்டர்களும் சேர்ந்து உட்கார்ந்து அடுத்ததை முடிவு செய்வார்கள். எலும்பில் நோய் இருந்ததால் கரண்ட் கட்டாயம் இருக்கும். விளிம்பில் நோய் மிச்சமிருந்தாலோ, நெறிக்கட்டியின் உறையைக் கிழித்துக்கொண்டு நோய் வெளியே வந்திருந்தாலோ கூடவே சிஸ்பிளாட்டின் என்ற மருந்தையும் ஏற்றுவார்கள். இல்லையென்றால் கீமோ தேவைப்படாது. ஆபரேஷனிலிருந்து ஆறு வாரத்துக்குள் கரண்ட் தொடங்கிவிடுவது நல்லது. வீட்டுக்கு வந்ததும் "உடம்பு தேறட்டும், ரெண்டு மாசம் கழிச்சுப் பாத்துக்கலாம்" என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள்.

திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறு வாரம், சுமார் 30 முறை. முகத்துக்கு அளவெடுத்து ஒரு பிளாஸ்டிக் வலை மாஸ்க் செய்வார்கள். படுக்க வைத்து அதை மாட்டித் தலை அசையாமல் பார்த்துக்கொள்வார்கள். வைக்கிறபோது வலிக்காது, சுடாது, சில நிமிடத்தில் முடிந்துவிடும். சிரமம் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் ஆரம்பிக்கும். வாய் முழுக்கப் புண், எச்சில் வற்றுதல், ருசி போய்விடுதல், கழுத்துத் தோல் கறுத்தல். நாலாவது வாரத்திலிருந்து மோசமாகும். "போதும், சாவறதே மேல்" என்று அம்மா சொல்லக்கூடிய வாரம் அது. அந்த வாரத்தில்தான் நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள். பாதியில் நிறுத்திய கரண்ட், ஆன்டிபயாட்டிக்கை இரண்டு நாள் சாப்பிட்டுவிட்டு நிறுத்தியது மாதிரி. மிச்சமிருப்பது மறுபடி தலைதூக்கும். வலி மாத்திரையைக் கூட்டிக் கேளுங்கள், தேவைப்பட்டால் மறுபடி மூக்குக் குழாய் போடச் சொல்லுங்கள், ஆனால் ஒரு நாளும் விடாதீர்கள். குடியாத்தத்துக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வந்தாலும் லீவு கேட்காதீர்கள். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

வாய் கொப்பளிக்க, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா கலந்து வைத்துக்கொண்டு இரண்டு மணிக்கொரு தரம் கொப்பளிக்கச் சொல்லுங்கள். கடையில் விற்கும் காரமான மவுத்வாஷ் வேண்டாம். சொத்தைப் பற்கள் இருந்தால் கரண்டுக்கு முன்பே பிடுங்கிவிட வேண்டும். பிடுங்கிய இடம் ஆற இரண்டு வாரமாவது வேண்டும் என்பதால் பெரும்பாலும் ஆபரேஷனின்போதே எடுத்துவிடுவோம். பிறகு எத்தனை வருடம் கழித்துப் பல் வலித்தாலும், கரண்ட் வைத்த வாய் என்று சொல்லாமல் எந்தப் பல் டாக்டரிடமும் பல்லைப் பிடுங்கிக்கொள்ளக் கூடாது. வாயைத் திறக்கும் பயிற்சியையும் தினமும் செய்ய வேண்டும். ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கிடையே நுழைத்து, வாரத்துக்கொரு குச்சி கூட்டப் பாருங்கள். ருசி சில மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். காரம் தாங்க அதிக நாள் ஆகும். ஆம்பூர் பிரியாணிக்கு ஒரு வருடம் லீவு.

நோய் திரும்ப வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுக்குள் வரும். அதனால் முதல் ஆண்டில் ஒன்றிரண்டு மாதத்துக்கொரு தரம் காட்ட வேண்டும். நன்றாக இருக்கிறேன் என்று வராமல் இருப்பவர்களைத்தான் எங்களுக்குப் பிடிக்காது.

அம்மாவிடம் சொல்லலாமா என்று கேட்டீர்கள். சொல்லுங்கள். இந்த வாரமே சொல்லுங்கள். வாரக்கணக்கில் நாக்கில் தண்ணீர்கூடப் படமுடியாத வலியை ஒருவர் தாங்க வேண்டுமென்றால், எதற்காகத் தாங்குகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சாதாரணப் புண்ணுக்கு யாரும் தாடையைக் கொடுக்க மாட்டார்கள். மறைத்தாலும் அது நிற்காது, ஓ.பி.யில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாள் "உனக்கு எந்த எடத்துல?" என்று கேட்டுவிடுவார். அங்கே தெரிவதைவிட உங்கள் வாயால் தெரியட்டும். நீட்ட வேண்டாம். "அம்மா, வாயில இருக்கறது சாதாப் புண்ணு இல்ல, புத்து. ஆபரேஷன் பண்ணா எடுத்துடலாம்னு சொல்றாங்க. கஷ்டமா இருக்கும், நாங்க கூடவே இருப்போம்." இவ்வளவு போதும். அழுதால் அழட்டும், நீங்களும் அழுங்கள். சதவீதக் கணக்கெல்லாம் அவர் கேட்டால் மட்டும். என் அனுபவத்தில் பல அம்மாக்களுக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. பிள்ளைகள் பயப்படுவார்களே என்று அவர்கள் நமக்கு மறைத்துக்கொண்டிருப்பார்கள். இது தொற்று நோய் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகளைத் தள்ளி வைக்கத் தேவையில்லை, தனித் தட்டு, தனி டம்ளர் வேண்டாம்.

பணத்தைப் பற்றி. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆபரேஷன், கரண்ட், கீமோ மூன்றுமே அதில் வருகின்றன. கார்டு இல்லையென்றால் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸிலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். அட்மிஷனுக்கு முன்பே ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுன்டரில் ஒப்புதல் வாங்க வேண்டும். கட்டிய பணத்தைப் பிறகு கேட்டு வாங்குவது நடக்காத காரியம். அம்மாவிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால் அந்த நல நிதியிலும் புற்றுநோய்க்கு உதவி உண்டு. உங்கள் பக்கத்துப் பீடித் தொழிலாளர் மருந்தகத்தில் விசாரியுங்கள். வைத்தியத்துக்கு ரயிலில் போய்வர நோயாளிக்கும் துணைக்கு ஒருவருக்கும் கட்டணச் சலுகை இருக்கிறது. அதற்கான படிவத்தில் டாக்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு வாரம் கரண்டுக்கு அலையும்போது குடியாத்தத்திலிருந்து காட்பாடிக்கு அது உதவும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. கடிதத்தின் நடுவில், அண்ணன்தான் அம்மாவை பைக்கில் கூட்டிக்கொண்டு அலைகிறார், பாவம் அவருக்கும் ஒரு வருடமாகக் காரமே சாப்பிட முடியவில்லை, வாய் எரிகிறதாம், வாயைப் பெரிதாகத் திறக்கவும் முடியவில்லையாம், ஹான்ஸ் புகையிலையை மட்டும் விட்டுவிட்டு இப்போது வெறும் பாக்குதான் போடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவின் ரிப்போர்ட்டுக்கு அடுத்து நான் இரண்டு முறை படித்தது இந்த வரியைத்தான்.

வெறும் பாக்கு என்று ஒன்று இல்லை. புகையிலை சேர்க்காத பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-லேயே அறிவித்துவிட்டது. அண்ணனுக்கு இருப்பதாக நான் சந்தேகப்படுவது, பாக்கினால் கன்னத்தின் உட்சதை நார்போல இறுகிப்போகும் நோய். அவரைக் கண்ணாடி முன் நிறுத்தி, தன் மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கிடையே நுழைக்கச் சொல்லுங்கள். நுழையவில்லை என்றால் சந்தேகம் வலுக்கிறது. இது புற்று இல்லை. ஆனால் இப்படி இறுகிய வாய்களில் சிலவற்றில் பின்னாளில் புற்று வருகிறது. இறுகியது முழுவதும் பழையபடி ஆகாது. பாக்கை விட்டால் மேலும் இறுகுவதைத் தடுக்கலாம், பயிற்சியாலும் ஊசியாலும் கொஞ்சம் திறக்க வைக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் எதுவும் வேண்டாம். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் நடந்த ஆராய்ச்சியில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அம்மாவை அடுத்த முறை கூட்டிப் போகும்போது அண்ணன் பெயரிலும் அதே ஆஸ்பத்திரியின் பல் பிரிவில் ஒரு ஓ.பி. சீட்டு போடுங்கள். எனக்கு ஒன்றுமில்லை என்று நழுவப் பார்ப்பார். அம்மாவைக் கூட்டிப் போகவே அவர்தான் வண்டி ஓட்டுகிறார் என்பதால் தப்பிக்க முடியாது. பாக்கை விட முடியாமல் தவித்தால் 1800-11-2356 என்ற இலவச எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள். மத்திய அரசின் புகையிலை விடும் உதவி எண் அது; மெல்லுகிறவர்களுக்கும் ஆலோசனை சொல்கிறார்கள். சீட்டு போட்டீர்களா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.